டி.சி. வாங்கியாச்சு

சோபிகா குனிந்ததும், கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த குணவதி இரண்டு கால்களையும் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சோபிகா குனிந்தது படியோரம் உருண்டு வந்த பந்தை எடுக்கத்தான். எடுத்தாள், "சாரி மேம்" என்றாள், தட்டிக்கொண்டே கோர்ட்டுக்குள் ஓடிவிட்டாள். இழுத்த காலை என்ன செய்வதென்று தெரியாமல் குணவதி ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பார்த்திருப்பாளோ? பார்க்காமல் என்ன. பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள், மேடம் காலை இழுத்ததையா கவனிக்காமல் விட்டிருப்பாள். மதுரையில் இந்தப் பெண்கள் கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநராக வந்து குணவதிக்குத் தலை பாதி வெளுத்துவிட்டது. கபடி, வாலிபால், ஆண்டுவிழா அணிவகுப்பு எல்லாம் அவள் தலையில்தான் என்றாலும் உயிர் மட்டும் பாஸ்கெட்பாலில். இத்தனை காலத்தில் அணியை விட்டு வேறு கல்லூரிக்குப் போன பெண்கள் எல்லாரும் போவதற்கு முன்னால் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். போன வருடம் வினோதினி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள், "ஆசீர்வாதம் பண்ணுங்க மேம்" என்று தடாலென்று விழுந்தாள். குணவதியும் ஏதோ பிறந்தநாள் என்று நினைத்து, தலையில் கை வைத்து, "நல்லா இருத்தா" என்று மனசாரச் சொல்லி, ஒரு ஜாங்கிரியையும் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் விஷயம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். ஜாங்கிரியைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து எவளாவது எதிரே குனிந்தால் கால் தானாகப் பின்னால் போகிறது. போன மாதம் கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதத்துக்குக் குனிந்தபோதுகூட ஓரடி பின்னால் குதித்துவிட்டாள். தண்ணீரில் வழுக்கியதாகச் சொல்லிச் சமாளித்தாள்.

வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் கேலரிச் சிமென்ட் அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது. ஜூன் மாதம் என்றாலே இரட்டை வேலை. ப்ளஸ் டூ முடித்த பெண்களை வலை போட்டுப் பிடிப்பதும், இருக்கிற பெண்களை அடுத்தவன் வலையில் விழாமல் காப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். முன்வாசலில் வரவேற்றுக்கொண்டே பின்வாசலில் காவல் நிற்பது யாரால் ஆகும்? சோபிகா பி.ஏ. முடித்துவிட்டாள். இதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம் இந்த அணிக்கு ஆடலாம், கேப்டனும் அவள்தான், அவளை நடுவில் வைத்துத்தான் இந்த வருட அணி மொத்தத்தையும் குணவதி மனசுக்குள் கட்டி வைத்திருக்கிறாள். இங்கேயே சேர்கிறவளுக்கு டி.சி. எதற்கு? ஆபீஸிலேயே பெயரை மாற்றி எழுதிக்கொள்வார்கள். டி.சி. வாங்குகிறவள் வெளியே போகிறவள்தான், இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விடுதி வார்டன் எஸ்தர், போன வெள்ளிக்கிழமை, வேறு ஏதோ பேச வந்தவள் மாதிரி வந்து, போகிற போக்கில், "ஒங்க கேப்டன் நேத்து மாடிப்படியில நின்னு ஃபோன் பேசுச்சு மேடம். டி.சி. வாங்கியாச்சுல்ல, அப்ப ஒண்ணும் பயமில்ல, மேமுக்கு மட்டும் நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னுச்சு" என்றாள். பக்குவமாக. அந்த வார்த்தைதான் குணவதிக்கு ஆறவே இல்லை. சாவுச் செய்தியைத்தானே பக்குவமாகச் சொல்வார்கள். ஆபீஸில் போய்க் கேட்டாள். "அப்பிடி யாரும் வாங்கலையே மேடம்" என்றார் கிளார்க், ஃபைலில் இருந்து தலையைத் தூக்காமலே. ஏன் தூக்கவில்லை? பொய் சொல்லுகிறவன்தான் ஃபைலைப் பார்ப்பான். அவர் எப்போதும் ஃபைலைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார் என்பதும் குணவதிக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. எம்.ஏ. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாயா என்று சோபிகாவைக் கேட்டால், "நாளைக்குக் குடுத்துர்றேன் மேம்" என்கிறாள். எந்த நாள் கேட்டாலும் நாளைக்குத்தான்.

"சோபி, லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" யாரோ கத்துகிறார்கள். சோபிகா இடது பக்கம் பார்க்கிறாள், பந்து வலது பக்கம் போகிறது, ரிங்குக்குக் கீழே ஓடிவந்த ப்ளெஸ்ஸியின் கையில் சரியாக விழுகிறது. ஆறடிப் பெண். நாசரேத்திலிருந்து நேற்றுத்தான் அப்பாவோடு வந்து இறங்கியிருக்கிறாள். வாங்கிய பந்தை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் அது மறுபடி சோபிகாவிடம் போய்விட்டது. முகத்தைப் பார்த்து ஏமாறாதே, கண்ணு பொய் சொல்லும், இடுப்பைப் பார், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவாள் என்று குணவதி எத்தனை பெண்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருப்பாள். இப்போது அவளே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை அழகாக ஏன் பாஸ் போடுகிறாள் இவள்? நேற்று வந்த புதுப்பெண்ணுக்கு, தன் இடத்தைப் பிடிக்க வந்தவளுக்கு, இப்படித் தட்டில் வைத்து ஏன் கொடுக்க வேண்டும்? இங்கேயே இருக்கப்போகிறவளாக இருந்தால் கொஞ்சமாவது முறைப்பாள். போகிறவள்தான் இப்படி நல்லவளாக இருப்பாள், வீட்டைக் காலி பண்ணுகிறவள் பக்கத்து வீட்டாரிடம் குழைவதைப் போல. அடுத்த பந்தில் சோபிகா ப்ளெஸ்ஸிக்குப் போடாமல் தானே ரிங் வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் லே-அப் அடித்தாள். பார்த்தாயா, மனசு இங்கே இல்லை, இனி இவளுக்கு அணி எதற்கு, தன் ஆட்டம் போதும். போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம் என்பது குணவதிக்கே கொஞ்சம் உறைத்தது. உறைத்தாலும் விடவில்லை.

பெரியகுளத்தில் கோடை டோர்னமென்ட் நடந்தபோதே மூக்கு வியர்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அரை இறுதி முடிந்து, மைதானத்துக்கு வெளியே பெட்டிக்கடையில் சோபிகா ரோஸ்மில்க் குடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் பிரபாகர். கோயம்புத்தூர்க் கல்லூரியின் கோச். அங்கே கூரை போட்ட கோர்ட்டு, மரத்தரை, ஜிம், எல்லாம் வைத்திருக்கிறார்கள். இங்கே மழை பெய்தால் கோர்ட்டில் கப்பல் விடலாம். சோபிகா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய. குணவதியோடு பேசும்போது அப்படிச் சிரித்ததே இல்லை. பிரபாகர் குணவதியைப் பார்த்ததும், "அக்கா, சௌக்கியமுங்களா?" என்றான். அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே வினோதினியைக் கொண்டுபோனான், அதற்கு முன்னால் இன்னொருத்தியையும். அவன் பெண்களிடம் பேசவே மாட்டான், அம்மாக்களிடம்தான் பேசுவான். ஆப்பிள் பையோடு வீட்டுக்குப் போவான், என் பொறுப்பும்மா என்பான். பிள்ளை பிடிக்கிறவன். குணவதியும் சோபிகாவைத் தேடிக்கொண்டு தேனிக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனவள்தான், ஆப்பிளுக்குப் பதில் மல்லிகைப்பூவும் மதுரை அல்வாவும் கொண்டுபோனாள். ஆனால் அது வேறு, அதற்குப் பெயர் தேர்வு. சின்ன வீடு, அப்பா இல்லை, அம்மா ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவள், ரொம்ப நேரம் மல்லிகைப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு தங்கச்சிக்காரி வேறு, ஒன்பதாவதோ என்னவோ படித்தது, "அக்கா போனா நானும் போவேன்" என்று ஒரே ஒப்பாரி. அழுகையை நிறுத்தினால்தான் அம்மாக்காரி தலையாட்டுவாள் என்று தெரிந்து குணவதி அதன் தாடையைப் பிடித்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம்? நினைவில்லை. குழந்தைகளிடம் சொல்வதையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். அம்மா தலையாட்டினாள், அதுதான் முக்கியம். அந்தத் தலையை இப்போது பிரபாகர் எந்தப் பக்கம் ஆட்ட வைத்திருக்கிறானோ.

எஸ்தர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே குணவதி நாசரேத்துக்கு ஃபோன் போட்டாள். ப்ளெஸ்ஸியை மூன்று கல்லூரிகள் சுற்றிக்கொண்டிருந்தன, அவள் அப்பா ஒரு முடிவுக்கும் வராமல் எல்லாரையும் காக்க வைத்திருந்தார். "இன்னைக்கே சரின்னீங்கன்னா பிரின்ஸிபால்ட்ட கையெழுத்து வாங்கிடுறேன், எங்கிட்ட இருக்கிறது ஒரே எடம்" என்றாள். உண்மைதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பாஸ்கெட்பாலுக்கு இந்த வருடம் ஒதுக்கினது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அத்லெடிக்ஸுக்குப் போய்விட்டது. நேற்று, திங்கட்கிழமை, அப்பாவும் மகளும் வந்தார்கள், பிரின்ஸிபால் கையெழுத்துப் போட்டார், சேர்ந்தாயிற்று. ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். நீ போனால் போடி, உன் இடத்துக்கு உன்னைவிட உயரமாக ஒருத்தியைக் கொண்டுவந்துவிட்டேன் என்று மனசுக்குள் சோபிகாவிடம் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் அழுகை வந்தது. மூன்று வருடம். காய்ச்சலில் கிடந்தபோது விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை என்று தன் வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுபோய் ஊட்டிய கை இது. அதற்காக இல்லை, கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை குணவதி, ஆனால் சொல்லிவிட்டாவது போகலாமில்லையா.

சொல்ல வரவில்லை என்றும் சொல்ல முடியாது. வந்தாள். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் வந்து நின்று, "மேம், ஒங்ககிட்டத் தனியா ஒண்ணு பேசணும்" என்றாள். குணவதி விசிலை வாயில் வைத்து ஒரே ஊது, "எல்லாம் இன்னொரு ரவுண்டு ஓடுங்க" என்று கத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள், தலைவலி என்று குணவதி பேரனை விட்டுச் சொல்ல வைத்தாள். நேற்று அட்மிஷன் வேலையைச் சாக்கிட்டு ஆபீஸிலேயே இருந்துவிட்டாள். இன்று காலையில் சோபிகா வந்ததும் வராததுமாக, "மேம், தனியா..." என்று ஆரம்பித்தாள், அதற்கும் விசில்தான் பதில். தனியாக என்ன பேசுவார்கள் என்று தெரியாதா? வினோதினியும் தனியாகத்தான் ஆரம்பித்தாள். காதில் விழாத வரைக்கும் அது நடக்கவில்லை. கையெழுத்துப் போடாத செக் மாதிரி, அது வெறும் காகிதம்தான். இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்கு ஒருநாள் போகட்டும், அட்மிஷன் கடைசித் தேதி தாண்டிவிட்டால் அப்புறம் அவளே இங்கேதான் கிடக்க வேண்டும். இப்படி ஒரு யோசனை தனக்குள் இருப்பது குணவதிக்கே இப்போதுதான் தெரிந்தது. சே என்று இருந்தது.

கேலரியின் அந்தக் கோடியில் யார் அது? வந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். துப்பட்டாவை முக்காடு போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையில் ஃபோன். ஃபோனைக் கோர்ட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். படம் எடுக்கிறாள். எதற்கு எடுக்கிறாள், யாருக்கு அனுப்ப? பிரபாகர் இதுவும் செய்வான், ப்ளெஸ்ஸி வந்திருப்பது அதற்குள் அவன் காதுக்குப் போயிருக்கும், இவளையும் தட்டிக்கொண்டு போக ஆள் வைத்திருப்பான். அந்தப் பெண்ணின் காலடியில் ஒரு பெரிய துணிப்பை, ஜிப் மூட முடியாமல் பிதுங்குகிறது. அந்தப் பை சோபிகாவுடையது, பெரியகுளத்துக்கு அவள் தோளில் தொங்கிய அதே நீலப்பை. துணிமணியோடு வந்துவிட்டாள். இன்றைக்கே கிளம்புகிறாள். பக்கத்தில் இருப்பவள் கூட்டிக்கொண்டு போக வந்தவள். சோபிகா இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பார்த்துத் தலையை ஆட்டினாள், அந்தப் பெண்ணும் ஆட்டினாள். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் யாருக்கும் எல்லாம் தெரியத்தான் செய்யும். சரி. வரட்டும். குனியட்டும். காலை இழுக்கக் கூடாது, நான் ஏன் இழுக்க வேண்டும், தப்பு செய்கிறவள் அவள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஆமாம்த்தா எஸ்தர் சொன்னா, நல்லா இரு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட வேண்டும். அழக் கூடாது. அழுதால் பிரபாகர் வரைக்கும் போகும்.

பயிற்சி முடிந்தது. பெண்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினார்கள். சோபிகா மட்டும் நேராகக் கேலரிக்கு வந்தாள். குணவதியின் கை விசிலுக்குப் போனது, அதற்குள் அவள் படிக்கு வந்துவிட்டாள், மூச்சு வாங்க, பேசியே தீருவது என்ற முகத்தோடு.

"மேம், இப்பவும் விசில் ஊதிறாதீங்க. ஆபீஸு தெறக்கப் போகுது. அங்க இன்னைக்குத்தான் கடைசி நாளு."

"தெரியும்த்தா" என்றாள் குணவதி. ஒத்திகை பார்த்த குரல் வரவில்லை, வேறு ஏதோ குரல் வந்தது. "எல்லாந் தெரியும். டி.சி. வாங்கியாச்சுல்ல?"

சோபிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒங்களுக்கு யாரு சொன்னா? வாங்கியாச்சு மேம், புதன்கிழமையே ஸ்கூல்ல குடுத்துட்டாங்க. ஏய், வாடி இங்க!"

ஸ்கூல். அந்தச் சொல் குணவதியின் காதில் விழுந்து உள்ளே போக வழி தெரியாமல் நின்றது. கேலரிக் கோடியில் முக்காட்டுப் பெண் எழுந்தாள். எழுந்தாள், இன்னும் எழுந்துகொண்டிருந்தாள், குணவதிக்கு அப்படித்தான் தோன்றியது. பெண் பிள்ளைகள் வாசல் நிலையைத் தாண்டும்போதே உயரத்தை அங்குலச் சுத்தமாகச் சொல்லிவிடுகிற கண், உட்கார்ந்திருந்த ஒருத்தியை இத்தனை நேரமும் உளவாளி என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ப்ளெஸ்ஸியைவிட உயரம். நீளக் கை. நடையில் இடுப்பு அசங்கவே இல்லை, எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று எவளாலும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் வந்து துப்பட்டாவை இறக்கினாள். அடுப்படி வாசல், ஒட்டடைக்குச்சி.

"மோனிகா மேம். எந் தங்கச்சி. மறந்துட்டீங்களா? நீ பெருசானதும் ஒன்னையும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன், அழாதன்னு நீங்கதான சொன்னீங்க. அதவே சொல்லிச் சொல்லி வளந்துருக்கு மேம் இது. பிரபாகர் சாரு பெரியகுளத்துலயே கேட்டாரு, ரெண்டு பேரும் வந்துருங்க, ஒரே ரூம்புல போட்டுர்றேன்னு. நான் சிரிச்சுட்டேன். எங்க மேம் இதுக்கு மூணு வருசத்துக்கு முன்னாடியே சீட்டுப் போட்டு வச்சுட்டாங்க சார்னு சொன்னேன்."

குணவதி அந்த உயரமான பெண்ணைப் பார்த்தாள். அதன் தாடையில் வைத்த கை இந்தக் கைதான்.

"ஒரே எடந்தான்த்தா இருந்துச்சு" என்றாள். "நேத்துக் குடுத்துட்டேன்."

சோபிகா திரும்பி, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ப்ளெஸ்ஸியைப் பார்த்தாள். காலையிலிருந்து அவளுக்குப் போட்ட பாஸ்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. "நேத்தா" என்றாள். "சனிக்கிழமையே சொல்ல வந்தேனே மேம்."

"நீ ஏண்டி எம்.ஏ. ஃபார்மக் குடுக்கல?"

"இதுக்குக் கெடைக்குமான்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்கலாம்னுதான். அம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தாத்தான் அனுப்புவேன்னுருச்சு. தனியா இத விட்டா அம்மாவுக்குத் தூக்கமே வராது மேம்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வேற எதாச்சும் வழி இருக்கா மேம்? இல்லன்னா ரெண்டு பேரும் பிரபாகர் சார்ட்டத்தான் போகணும்."

இல்லை. கையெழுத்துப் போட்டது பிரின்ஸிபால், வந்தது நாசரேத்திலிருந்து ஒரு மனிதர், அவரை மகளோடு திரும்பிப் போ என்று எந்த வாயால் சொல்வது. வேறு துறையில், வேறு விளையாட்டில், யார் காலிலாவது விழுந்து... எல்லாவற்றையும் மனசு ஓடி ஓடித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. குணவதி தலையை அசைத்தாள். சோபிகா தங்கையின் தோளைத் தொட்டாள், இரண்டு பேரும் குனிந்தார்கள். கால் அசையவில்லை. இழுக்க வேண்டும் என்று குணவதி நினைத்தாள், உயிரே போனாலும் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், அது கேட்கவில்லை. நாலு கைகள் ஷூவைத் தொட்டன. "நல்லா இருங்கத்தா" என்றாள். நீலப்பையை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் அக்கா யார் தங்கச்சி என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு பேரும் ஒரே கோர்ட்டில், ஒருத்தி முன்னால், ஒருத்தி ரிங்குக்குக் கீழே. இந்த மாநிலத்தில் எவளால் தடுத்திருக்க முடியும்? இனி டிசம்பர் டோர்னமென்ட்டில் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்க்க வேண்டும். எஸ்தருக்கு என்ன கேடு? ஸ்கூல் டி.சி. என்று அவள் ஏன் சொல்லவில்லை? அவளுக்கும் தெரியாதோ, அல்லது தெரிந்தேதான்... எஸ்தரின் தங்கை கோயம்புத்தூரில்தானே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேறு ஏதோ பேச வந்தவள் மாதிரித்தானே வந்தாள். பிரபாகர் எஸ்தரிடம் எப்போது பேசியிருப்பான்?

"மேம்."

ப்ளெஸ்ஸி எதிரே நின்றாள், முகத்தில் தண்ணீர் சொட்ட, பயந்தபடி. "மேம், ஒங்ககிட்டத் தனியா ஒரு விஷயம் பேசணும்..."

விசில் சத்தம் கேட்டது. குழாயடியில் இருந்த பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பி, இன்னொரு ரவுண்டு ஓட வரிசை கட்டினார்கள். கேட்டருகே சோபிகாவும் ஒரு கணம் பழக்க தோஷத்தில் நின்றாள். ஊதியது தான்தான் என்று குணவதிக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.